பாழடைந்த மனநல மருத்துவமனை உங்கள் பேய் பங்களா அல்ல

கைவிடப்பட்ட மனநல மருத்துவமனைக்குள் ராத்திரி நேரத்தில் சுவரேறிக் குதித்து, டார்ச் அடித்து, வீடியோ எடுத்து, "இங்கே இன்னும் அலறல் சத்தம் கேட்கிறது" என்று தலைப்பு வைத்து ஏற்றுவது இன்று உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அமெரிக்காவில், இங்கிலாந்தில், இத்தாலியில் இதற்கென்றே சுற்றுகிற கூட்டம் இருக்கிறது. அந்த வீடியோக்கள் எங்கள் லாஸ்பேட்டைப் பிள்ளைகளின் கைபேசியிலும் ஓடுகின்றன. ஹெலிபேட் மைதானத்தில் சாயங்காலம் கூடுகிற பையன்கள் "அண்ணே, இதே மாதிரி நம்ம பக்கமும் ஒண்ணு எடுக்கணும்ணே" என்கிறார்கள். எந்த இடிந்த கட்டடம் கிடைத்தாலும் "பழைய மெண்டல் ஆஸ்பத்திரி" என்று பெயர் ஒட்டினால் போதும், பார்ப்பவர் எண்ணிக்கை ஏறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாங்கள் இதை எதிர்க்கிறோம். இடிந்த கட்டடத்துக்குள் போகாதே, பாம்பு கடிக்கும், போலீஸ் பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. கேமராவைத் தூக்குவதே தப்பு என்றும் நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் அடைக்கப்பட்டிருந்தவர்கள் யார் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவர்களைப் பேயாக்கி விற்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம். இது ஏன் தலித் மக்களின் பிரச்சினை என்று கேட்கிற தோழர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

அந்தப் படங்களை உற்றுப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உரிந்து தொங்கும் பெயின்ட். துருப்பிடித்த இரும்புக் கட்டில். தரையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு. உடைந்த சக்கர நாற்காலி. கம்பிச் சன்னல் வழியாக விழுகிற வெளிச்சம். மனிதர் மட்டும் ஒருவரும் இருக்கமாட்டார். ஆட்கள் இல்லாததால்தான் அது அழகு என்கிறார்கள். அதே கட்டிலில் கால் கட்டப்பட்டு ஒரு கிழவி படுத்திருந்த காலத்தில் இந்தக் கேமராக்கள் எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை. மூத்திர நாற்றம் அடித்தபோது ஒருவரும் வரவில்லை. நாற்றம் காய்ந்து, ஆட்கள் செத்து, கூரை விழுந்தபிறகு வந்து "என்ன ஒரு அமைதி" என்கிறார்கள்.

புதுச்சேரிக்காரர்களான எங்களுக்கு இந்த ரசனை பழக்கமானதுதான். வார இறுதியானால் வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்க எத்தனை பேர் வருகிறார்கள்! கல்யாண ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள். சுண்ணாம்பு உதிர்ந்த பிரெஞ்சு வீட்டுச் சுவருக்கு ஒரு விலை இருக்கிறது. பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கறுப்பு நகரம் என்று பிரித்து வைத்தார்களே, அதற்கும் வெளியே சேரிகள் இருந்தனவே, அங்கே இருந்த சுவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. எந்தச் சுவர் பாரம்பரியம், எந்தச் சுவர் ஆக்கிரமிப்பு என்பதைப் பணமும் சாதியும்தான் தீர்மானிக்கின்றன. எங்கள் லாஸ்பேட்டையே லா என்கிற பிரெஞ்சு ஆளுநரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆளுநருக்கு ஒரு ஊரே பெயராக நிற்கிறது. மனநல விடுதிகளில் செத்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கல்லில் ஒரு எழுத்துகூட இல்லை.

மிகையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிரவுன்ஸ்வில் என்று ஒரு ஊர். கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒரு மனநல மருத்துவமனையை 1911-இல் அங்கே தொடங்கினார்கள். கட்டடம் எழும்புவதற்கு முன்பே நோயாளிகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் வந்த 12 கறுப்பின ஆண்களை வைத்தே காட்டை வெட்டி, மண் சுமந்து, அந்த மருத்துவமனையைக் கட்ட வைத்தார்கள். தன்னை அடைக்கப்போகும் சுவரைத் தானே கட்டிய நோயாளியை நினைத்துப் பாருங்கள். மருத்துவ உலகம் இன்றைக்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிற உயிரணுக்கள் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் உடம்பிலிருந்து அவரிடம் கேட்காமல் எடுக்கப்பட்டவை. அவருடைய மகள் எல்சி இந்தக் கிரவுன்ஸ்வில்லில்தான் 1955-இல் செத்தாள். அப்போது அவளுக்கு 15 வயது. 2004-இல் மருத்துவமனை மூடப்பட்டது. அங்கே புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் கல்லறையில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். அந்தப் பகுதிக் கறுப்பின மக்கள் பழைய பதிவேடுகளைத் தேடி, அங்கே புதைக்கப்பட்டவர்களின் பெயர்களைக் கண்டுபிடித்து உரக்க வாசித்திருக்கிறார்கள். அதே கட்டடத்தின் உடைந்த சன்னலைப் படம் எடுக்கவும் ஆட்கள் போனார்கள். இரண்டு கூட்டமும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. ஆனால் எங்கள் தோழர்கள் எந்தக் கூட்டத்தில் நிற்கவேண்டும் என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை.

யாரைப் பைத்தியம் என்று சொல்வது என்பது எப்போதுமே அதிகாரம் உள்ளவன் கையில் இருந்திருக்கிறது. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க வைத்தியர் ஒரு புதிய நோயைக் கண்டுபிடித்ததாக எழுதினார். என்ன நோய் தெரியுமா? அடிமைகள் எசமானனை விட்டுத் தப்பி ஓடுவதுதான் நோய். அதற்கு ஒரு நீளமான பெயரும் வைத்தார். சாட்டையடியைச் சிகிச்சையாகச் சொன்னார். நூறாண்டு கழித்து, உரிமைப் போராட்டம் நடந்த 1960-களில், மிச்சிகன் மாநிலத்தின் அயோனியா மனநல மருத்துவமனையில் கறுப்பின ஆண்களுக்கு மனச்சிதைவு முத்திரை குத்துவது எப்படிக் கூடியது என்பதை ஜொனாதன் மெட்சல் என்ற மனநல மருத்துவர் பழைய கேஸ் கட்டுகளை வாசித்து ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். கோபப்படுகிற கறுப்பன் நோயாளி. அடங்கிப் போகிறவன் ஆரோக்கியமானவன். சேரியில் பிறந்த யாருக்கும் இது புதிதாக இருக்காது.

நம் நாட்டிலும் வெள்ளைக்காரன் ராஞ்சியில் 1918-இல் ஐரோப்பியருக்கு ஒரு மனநல மருத்துவமனை திறந்தான். இந்தியருக்கானது அதே ஊரில் 1925-இல்தான் வந்தது. புத்தி பேதலித்த பிறகும் தோலின் நிறம் பார்த்துத்தான் கட்டில்.

பிரெஞ்சு ஆட்சியின் கதை இன்னும் நெருக்கமானது. மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பின மனநல மருத்துவர் பிரான்ஸ் ஃபனான், 1953-இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஐரோப்பியருக்கு ஒரு பக்கம், அல்ஜீரியருக்கு ஒரு பக்கம் என்று வார்டுகள் பிரிந்து கிடந்தன. அல்ஜீரியனுடைய மூளையே வளர்ச்சி குன்றியது, அவன் இயல்பிலேயே வன்முறையாளன் என்று பிரெஞ்சு மருத்துவப் பேராசிரியர்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. ஃபனான் கட்டுகளை அவிழ்த்தார். நோயாளிகளைக் கூட்டம் போடவும் பத்திரிகை நடத்தவும் வைத்தார். சொந்த மண்ணிலேயே ஒரு மக்களை அந்நியராக்கி வைத்துவிட்டுத் தனித்தனி ஆளுக்கு வைத்தியம் பார்ப்பதில் அர்த்தம் இல்லை என்று 1956-இல் வேலையை உதறினார். அவர் பிளிடாவுக்குள் நுழைந்தபோது புதுச்சேரியும் அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. அல்ஜீரிய விடுதலைப் போர் வெடித்ததும், புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியதும் ஒரே நாள்: 1954 நவம்பர் 1. ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தேதியில் இங்கே கொடியேற்றுகிறோம். ஃபனானை மட்டும் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். வேறு சாதிப் பையனைக் காதலித்த பெண்ணைப் பற்றி முதலில் என்ன சொல்கிறார்கள்? "புத்தி பேதலிச்சுப் போச்சு", "யாரோ மருந்து வெச்சுட்டாங்க", "பேய் பிடிச்சிருக்கு". அந்தப் பையன் தலித்தாக இருந்தால் கோயிலுக்கும் மந்திரவாதியிடமும் இழுத்துப்போவது இன்னும் வேகமாக நடக்கும். கூலி கேட்டால் திமிர். திரும்பத் திரும்பக் கேட்டால் கிறுக்கு. ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் இறந்தபோது, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதையும் உதவித்தொகை நின்றதையும் பேசாமல், அவருடைய மனநிலையைப் பற்றிப் பேச எத்தனை பேர் முந்திக்கொண்டு வந்தார்கள்! சாதி செய்ததை மனசு செய்தது என்று எழுதிவிட்டால் குற்றவாளியே இல்லாமல் போய்விடுகிறான்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 3. ஒருவருடைய சமூக, பொருளாதார, அரசியல் நிலையை வைத்தோ, அவர் எந்த இனம், எந்தப் பண்பாடு, எந்த மதம் என்பதை வைத்தோ, தன் சமூகத்தின் ஒழுக்க விதிகளுக்கு அவர் அடங்கவில்லை என்பதை வைத்தோ அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் பிரிவு 18, சாதியை வெளிப்படையாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒரு தேவை இல்லாமல் இந்தச் சொற்கள் சட்டத்துக்குள் வந்திருக்காது என்பதை யோசியுங்கள்.

தமிழ் மண்ணில் மனநல விடுதியின் இடிபாடு என்றால் முதலில் நினைக்கவேண்டியது ஏர்வாடியை. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய விடுதிகளில் ஒன்று. விடிவதற்கு முன் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். தீயிலிருந்து ஓடத் தெரியாத அளவுக்கு அவர்கள் யாரும் பைத்தியமாக இருக்கவில்லை. ஓட முடியாதபடி கால் கட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. விடுதிகளை மூடினார்கள். உள்ளே இருந்தவர்களை அரசு பொறுப்பில் எடுத்தார்கள்.

ஏர்வாடியைச் சொன்னவுடன் ஒரு மதத்தின் மேல் பழிபோடக் கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறோம். அந்தத் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போனார்கள். சங்கிலி எல்லா மதத்தின் வாசலிலும் இருந்திருக்கிறது. போகாமல் என்ன செய்வார்கள்? பக்கத்தில் மருத்துவர் இல்லை. மருத்துவமனைக்குப் போக பஸ் காசு இல்லை. வீட்டில் ஒருவர் கூடவே இருந்தால் அன்றைய கூலி போய்விடும். கூலிக்குப் போகிறவள் மகனைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறாள், அல்லது கட்டிப்போடுகிற இடத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். காசு உள்ளவன் வீட்டு நோயாளிக்குத் தனி அறை, தனி ஆள், வெளியே தெரியாமல் வைத்தியம். ஏழை வீட்டு நோயாளிக்குச் சங்கிலி. ஏர்வாடி நடந்து 18 ஆண்டு கழித்து, 2019-இல், உத்தரப்பிரதேசம் பதாயூனில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த விவகாரம் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டத்தின் பிரிவு 95 முழுமையாகத் தடைசெய்த பிறகும் இதுதான் நிலை.

இனி இடிபாட்டுக்குள் கிடக்கும் காகிதங்களைப் பற்றிப் பேசுவோம். இந்த வீடியோக்களில் தவறாமல் ஒரு காட்சி வரும். தரையில் சிதறிக் கிடக்கும் கேஸ் ஷீட்டுகளில் ஒன்றை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில், நோயாளியின் பெயர், வயது, நோய் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுவார்கள். பார்க்கிறவனுக்குத் திகில். அந்தக் காகிதம் யாருடையது? ஒரு ஆளின் வாழ்க்கை அது. அவருடைய பிள்ளையோ பேத்தியோ இன்னும் எங்கோ இருக்கலாம்.

ஒரு காகிதம் ஒழுங்காகப் படிக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மச்சல் லாலுங்கின் வாழ்க்கையே சாட்சி. அசாமின் திவா பழங்குடியைச் சேர்ந்தவர். 1951-இல் கைதானார். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல் இவர் நன்றாக இருக்கிறார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாகச் சிறைக்கு அனுப்பினார்கள். விசாரணையே நடக்காமல் 2005 வரை உள்ளே இருந்தார். 54 ஆண்டு. அதில் 38 ஆண்டு, "இவர் நலம்" என்று எழுதிய அந்தக் காகிதத்துக்குப் பிறகு கழிந்தவை. வெளியே வந்த இரண்டே ஆண்டில் இறந்துபோனார். ஒரு பணக்காரனுடைய, ஒரு உயர்சாதிக்காரனுடைய கோப்பு இப்படி 38 ஆண்டு தூசியில் கிடக்குமா? இனி ஒரு கேஸ் ஷீட்டைக் கேமரா முன்னால் ஆட்டிக் காட்டுகிறவன் இதை நினைக்கட்டும்.

நியூயார்க் மாநிலத்தின் வில்லர்ட் மனநல மருத்துவமனை 1995-இல் மூடப்பட்டபோது மாடியறையில் 400-க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கண்டெடுத்தார்கள். உள்ளே வரும்போது நோயாளிகள் கொண்டுவந்த பெட்டிகள். துணி, கடிதம், குடும்பப் படம், தையல் சாமான். திரும்பிப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வாங்கி வைத்தவை. திரும்பிப் போனவர்தான் யாரும் இல்லை. ஜான் கிறிஸ்பின் என்ற புகைப்படக்காரர் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து அக்கறையோடு படம் எடுத்தார். ஆனால் அங்கேயும் ஒரு சட்டச் சிக்கல். நோயாளிகளின் முழுப் பெயரை வெளியிட அந்த மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. பெட்டியைப் பார்க்கலாம், அவருடைய சீப்பைப் பார்க்கலாம், பெயரைச் சொல்லக்கூடாது. அந்த மருத்துவமனைக் கல்லறையிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எண்களாகத்தான் புதைந்திருக்கிறார்கள். எங்கள் நிலைப்பாடு எளிமையானது. பெயர் அவருடையது, அவருக்குப் பின் அவர் உறவுகளுடையது. அதை மறைக்க அரசுக்கும் உரிமை இல்லை, விற்கப் படக்காரனுக்கும் உரிமை இல்லை.

"நாங்கள் படம் எடுப்பதால்தானே இதெல்லாம் வெளியே தெரிகிறது" என்று ஒரு பதில் வரும். படத்துக்குச் சக்தி உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. இத்தாலியில் பிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவர் கொரிசியா மருத்துவமனையின் கதவுகளைத் திறந்துவிட்டார். அவரும் அவர் துணைவி பிராங்கா ஒங்காரோவும் 1969-இல் ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தார்கள். கார்லா செராத்தி, ஜான்னி பெரெங்கோ கார்தின் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் மனநல விடுதிகளுக்குள் எடுத்த படங்கள் அதில் இருந்தன. வர்க்கத்தால் சாவது என்பது புத்தகத் தலைப்பின் பொருள். தலைப்பிலேயே யார் செத்தார்கள், எதனால் செத்தார்கள் என்று சொல்லிவிட்டார்கள். 1973-இல் திரியெஸ்தே மருத்துவமனையில் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து பெரிய நீலக் குதிரை ஒன்றைச் செய்து, அதை இழுத்துக்கொண்டு நகருக்குள் ஊர்வலம் போனார்கள். 1978-இல் மனநல விடுதிகளை மூடும் சட்டம் இத்தாலியில் வந்தது. அந்தப் படங்கள் எடுக்கப்பட்டபோது ஆட்கள் உயிரோடு உள்ளே இருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவருவதற்காக எடுத்த படங்கள் அவை. அமானுஷ்ய இசை சேர்த்து, சப்ஸ்கிரைப் பண்ணுங்க என்று முடியும் வீடியோவை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

"பேய்க்கதை நம் பண்பாடுதானே, அதில் என்ன தப்பு" என்றும் கேட்கிறார்கள். அநியாயமாகச் செத்தவர்களை நம் மக்கள் என்ன செய்தார்கள் என்று நம் ஊர்களில் போய்ப் பாருங்கள். சாதி மாறிக் கல்யாணம் கட்டி வெட்டுப்பட்டவன், பழி சுமத்திக் கொல்லப்பட்டவள், குடிசையோடு எரிக்கப்பட்டவர்கள், இவர்களுக்குக் கல் நட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வருசத்துக்கு ஒருமுறை படையல் போட்டார்கள். இன்ன ஊரில், இன்னான் கையால், இன்ன காரணத்துக்குச் செத்தான் என்று விடிய விடியப் பாட்டாகச் சொன்னார்கள். கொன்றவன் பேரும் அந்தப் பாட்டில் இருக்கும். அதுதான் நம் பண்பாடு. செத்தவனுக்குப் பேரும் இல்லாமல், கொன்றவனுக்குப் பேரும் இல்லாமல், வெறும் அலறலை மட்டும் எடுத்துக் காசாக்குவது நம்முடையது அல்ல.

நம் பேச்சையும் கொஞ்சம் பார்ப்போம். சென்னை மனநல மருத்துவமனையின் வேர் 1794-இல் இருக்கிறது. 1871-இல் 145 நோயாளிகளோடு கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இருநூறு ஆண்டுக்கு மேலாக எத்தனையோ ஏழைகளுக்குப் போக்கிடமாக இருந்த இடம். தமிழ்ச் சமூகம் அதற்குக் கொடுத்த மரியாதை, "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்கிற வசவு. நம் சினிமா அதை எத்தனை ஆயிரம் தடவை நகைச்சுவை என்று விற்றிருக்கிறது! சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் நமக்கு வலிக்கிறது, வழக்குப் போடுகிறோம். போடவும் வேண்டும். நம் மேடைகளிலேயே எதிராளியை "மெண்டல்" என்கிறபோது கைதட்டுகிறோமே, அந்தக் கைதட்டலையும் நிறுத்துவோம். இழிசொல்லின் கனம் தெரிந்தவர்கள் நாம்.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். அந்த வார்டுகளைக் கழுவியவர்கள் யார்? நோயாளி தன்னை அறியாமல் போனதை வாரியவர்கள் யார்? அநாதைப் பிணத்தைத் தூக்கிப்போனவர்கள் யார்? உரிமை கோர ஆளில்லாத உடலைச் சட்டப்படியே மருத்துவக் கல்லூரி அறுவை மேசைக்கு அனுப்பலாம். அதை வண்டியில் ஏற்றிய கை யாருடையது? தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. இடிபாட்டுப் படங்களில் நோயாளிக்காவது ஒரு கட்டில் அடையாளமாக இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளிக்கு ஒரு துடைப்பம்கூட இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறோம்.

முதலாவது, 2017 சட்டத்தின் பிரிவு 24 மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுகிறவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது. செத்தவர்களுடைய, பழைய நிலையங்களுடைய பதிவேடுகளுக்கும் இந்தப் பாதுகாப்பு வேண்டும். எந்த மருத்துவமனையை மூடினாலும், இடம் மாற்றினாலும், கோப்புகளைத் தரையில் போட்டுவிட்டுப் போவது குற்றமாக்கப்படவேண்டும். அவை ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். உறவினர் கேட்டால் காட்டவேண்டும்.

இரண்டாவது, பிரிவு 19. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே தங்க இடமில்லை என்கிற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. வெளியே தங்கும் இல்லங்களை அமைப்பது அரசின் கடமை. புதுச்சேரி அரசு, நான்கு பகுதிகளிலும் அப்படி எத்தனை இல்லங்களை நடத்துகிறது, எத்தனை பேர் குணமான பிறகும் போக்கிடம் இன்றி உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கை வெளியிடவேண்டும். அந்தக் கணக்கில் சாதி வாரியான எண்ணிக்கையும் வேண்டும். எண்ணாமல் விட்டால் இல்லை என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

மூன்றாவது, சேரிக்குப் பக்கத்திலேயே, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மனநல மருத்துவரும் மாத்திரையும் கிடைக்கவேண்டும். ஒரு நாள் கூலியை இழக்காமல் வைத்தியம் கிடைத்தால் எந்தத் தாயும் மகனைச் சங்கிலியில் விடமாட்டாள்.

லாஸ்பேட்டைத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையில் இருக்கும் கேமரா எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காத ஆயுதம். தாகூர் கலைக் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கிற நீங்கள் ஒரு தகவல் உரிமை மனு எழுதத் தெரிந்தவர்கள். பாழடைந்த சுவருக்குள் போய்ப் பேய் தேடவேண்டாம். முப்பது வருசம் வார்டு கழுவி ஓய்வுபெற்ற அம்மா உங்கள் தெருவிலேயே இருப்பார். அவர் சம்மதித்தால் அவர் முன்னால் கேமராவை வையுங்கள். பேசவிடுங்கள். எந்த வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள், யாரைப் பார்க்க யாருமே வரவில்லை, யாரைச் சவக்கிடங்கிலிருந்து யார் தூக்கினார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். பெயர்கூட நினைவிருக்கலாம். சம்மதம் வாங்கி, அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள். அந்த வீடியோவைப் பத்துப் பேர் பார்த்தாலும் போதும். நாங்கள் முதல் ஆளாக வந்து பார்க்கிறோம்.

ஜெய் பீம்!